வாசகர் கேள்வி – பதில்: வரலாறு மாறினால் காதல் என்னவாகும்?

சென்ற இதழில், புகழ்பெற்ற காதல் நாவல்களை ‘வரலாறு வேறு திசையில் சென்றிருந்தால்’ என்னும் கற்பனையில் வைத்து மறுபடி எழுதும் போக்கைப் பற்றி இப்பகுதியில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டிச் சென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொண்டு இம்முறை பதில் தருகிறேன்.

வாசகி, மயிலாப்பூர்: ஆங்கில நாவலைத் தமிழ்க் குடும்பத்தின் கதையாக மாற்றித் திரைப்படம் எடுத்திருக்கிறார்களே, அதுவும் நீங்கள் சொல்லும் மாற்று வரலாறும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. 1811இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் தழுவி 2000ஆம் ஆண்டில் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் இடமும் காலமும் மாறின. ஆனால் அந்தச் சகோதரிகள் வீட்டை விட்டு வந்து சேரும் சென்னை, நாம் அன்றாடம் நடமாடும் சென்னைதான். மாற்று வரலாற்றில் நடப்பது வேறு. உண்மையில் நிகழ்ந்த ஒரு போரையோ, உடன்படிக்கையையோ, சட்டத்தையோ எழுத்தாளர் மாற்றுகிறார். அந்த மாற்றத்தால் அடுத்தடுத்து என்னென்ன மாறும் என்று கணக்கிடுகிறார். அப்படி உருவான உலகத்தில் நமக்குத் தெரிந்த காதலர்களை வாழ விடுகிறார். நெப்போலியன் தோற்காமல் உலகையே வென்றதாக லூயி ஜெஃப்ருவா என்ற பிரெஞ்சுக்காரர் 1836லேயே ஒரு நாவல் எழுதினார் என்பதால், இந்த வகை எழுத்து நேற்றுத் தோன்றியதன்று. 2009இல் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதைக்குள் நடைப்பிணங்களை நுழைத்து வெளிவந்த நூலைச் சிலர் இவ்வகையில் சேர்க்கிறார்கள். வரலாற்றில் ஒரு காரணத்தை மாற்றி அதன் விளைவைத் தேடும் நோக்கம் அதில் இல்லாததால் நான் சேர்ப்பதில்லை.

வாசகர், அம்பத்தூர்: மூல நாவல் நிறைவாக இருக்கும்போது அதன் வரலாற்றை மாற்றுவதால் என்ன கிடைக்கிறது? ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ போன்ற ஒரு நாவலில் கை வைப்பது அதை எழுதியவரை அவமதிப்பதாகாதா?

நீங்கள் குறிப்பிடும் நாவலின் மீது எனக்குத் தீராத பற்று உண்டு. ஆகவே அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு சற்று விரிவாகப் பதில் சொல்கிறேன்.

நாவலின் நாயகி ஆன் எலியட் தன் பத்தொன்பதாம் வயதில், 1806ஆம் ஆண்டில், வென்ட்வொர்த் என்ற இளம் கடற்படை அதிகாரியை மணக்க ஒப்புக்கொள்கிறாள். பிறகு, இறந்துபோன தாயின் இடத்தில் இருந்து வழிநடத்தும் லேடி ரஸ்ஸலின் அறிவுரைக்கு இணங்கி அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறாள். அவனிடம் பணம் இல்லை என்பதே முதன்மையான காரணம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1814இல், அவன் இருபத்தைந்தாயிரம் பவுண்டுக்கு உரியவனாகத் திரும்பி வருகிறான். அந்தப் பணம் பிரான்சுடன் நடந்த போரின் வழியாக வந்தது. பிடிபட்ட எதிரிக் கப்பல்களின் மதிப்பில் அக்காலத்துப் பிரிட்டிஷ் கடற்படையினருக்குப் பங்கு கொடுக்கப்பட்டது. வென்ட்வொர்த் செல்வம் சேர்த்தது அந்தப் பங்கினால்தான்.

இப்போது ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பாருங்கள். பிரிட்டனும் பிரான்சும் 1802 மார்ச்சில் செய்துகொண்ட அமியான் சமாதான உடன்படிக்கை, 1803 மே மாதத்தில் முறிந்துபோகாமல் நிலைத்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். 1806 பிப்ரவரியில் நடந்த சான் டொமிங்கோ கடற்போர் நிகழ்ந்திராது. அந்தப் போரினால் வென்ட்வொர்த்துக்குக் கிடைத்த பதவி உயர்வும் கிடைத்திராது. கப்பல் இல்லாத அதிகாரியாக, அரைச் சம்பளத்தில், கிராமத்துப் பாதிரியாராக இருக்கும் சகோதரனின் வீட்டிலேயே அவன் தங்கியிருக்க நேரிடும். ஆனின் தந்தை கடன் பெருகித் தம் மாளிகையை வாடகைக்கு விடும்போது, போரினால் பொருள் ஈட்டிய அட்மிரல் கிராஃப்ட் அங்கே குடிவந்திருக்க மாட்டார். மூலத்தில் காதலர்களைப் பிரித்து வைத்த கடல் இப்போது இல்லை. அவர்கள் ஒரே வட்டாரத்தில், ஒரே ஊர்க்காரர்களின் விருந்துகளில், எட்டு ஆண்டுகள் ஒருவரையொருவர் பார்த்தபடியும் பேசிக்கொள்ள முடியாமலும் இருக்க வேண்டும். அவனோ இன்னும் ஏழை. உலகத்தின் எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் லேடி ரஸ்ஸல் சொன்னது சரியாகிவிட்டது. அப்போதும் ஆன் அவனை விரும்புகிறாளா, இரண்டாம் முறை அவன் கேட்டால் ஒப்புக்கொள்வாளா என்பது மூல நாவலுக்குள் எழவே வாய்ப்பில்லாத கேள்வி. மூலத்தில் போரின் நல்வாய்ப்பு வந்து அவள் மனம் சொன்னது சரி என்று காட்டிவிடுகிறது. மாற்றுக் கதையில் அவளுக்கு அந்தத் துணை கிடையாது.

இப்படி எழுதப்பட்ட ஒரு கதையைப் படித்துவிட்டு மூலத்துக்குத் திரும்பினால், பெரிதாகப் பேசப்படாத போர் ஒன்று அந்தக் காதலை எத்தனை இடங்களில் தாங்கி நிற்கிறது என்பது கண்ணில் படும். இதை ஆஸ்டினுக்கு எதிரான செயலாக என்னால் எண்ண முடியவில்லை. 1815இன் தொடக்கத்தில், நெப்போலியன் எல்பா தீவில் இருந்த காலத்தில் முடிகிற அந்த நாவலின் கடைசி வரிகளில், இனியும் ஒரு போர் வரக்கூடும் என்னும் அச்சம் ஒன்றே ஆனின் மகிழ்ச்சியை மங்கச் செய்யும் என்று அவரே எழுதியிருக்கிறார். 1817இன் இறுதியில் நூலை வாங்கிய முதல் வாசகர்களுக்கு, எல்பாவிலிருந்து நெப்போலியன் தப்பியதும், வாட்டர்லூ போரில் மறுபடி தோற்றதும் தெரியும். வரலாறு சற்றுத் திரும்பினாலும் இந்த இல்லறம் என்னவாகும் என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் அவரே விதைத்துவிட்டார்.

இந்த எழுத்துவகையைப் பற்றி என் உறுதியான கருத்து இதுதான்: காதலர்களுக்கு நடுவே நிற்கும் தடை எதுவோ, அல்லது அந்தத் தடையை நீக்கிய வாய்ப்பு எதுவோ, அதைப் போய்த் தொடும் வரலாற்று மாற்றமே எழுதத் தகுந்தது. அதைத் தொடாத மாற்றம் எவ்வளவு பிரமாண்டமாக இருந்தாலும், நாடக மேடையில் பின்திரையை மாற்றி மாட்டியதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை.

கல்லூரி மாணவி, தாம்பரம்: 1746இல் பிடித்த சென்னையைப் பிரெஞ்சுக்காரர் திருப்பித் தராமலே இருந்திருந்தால் என்ற கற்பனையில் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ கதையை எழுதத் தொடங்கினேன். ஐந்து மகள்கள், வீட்டைக் கொண்டுபோகவிருக்கும் உறவினர் என்று அந்தக் குடும்பத்தை அப்படியே, கோட்டைக்கு வெளியே இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரத்துத் தமிழ்க் குடும்பமாக வைத்தேன். நான்கு அத்தியாயங்களுக்கு மேல் நகர மறுக்கிறது. எங்கே தவறு, ஐயா?

தேர்ந்தெடுத்த திருப்பம் மிக நல்ல திருப்பம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா போர்தொனே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். அடுத்த மாதமே ஆற்காட்டு நவாபின் படை அடையாற்றங்கரையில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. 1748இல் ஐரோப்பாவில் கையெழுத்தான ஏ-லா-ஷபெல் உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவில் லூயிஸ்பூர்க் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் திரும்பப் பெற, சென்னை 1749இல் ஆங்கிலேயரிடம் வந்தது. தொலைதூரத்து மேசையில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால் சென்னை புதுச்சேரியின் தங்கை நகரமாகியிருக்கும். ஆங்கிலேயக் கம்பெனி அந்த ஆண்டுகளில் தன் நிர்வாகத்தைக் கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டைக்கு மாற்றியிருந்தது. அது அங்கேயே நிலைத்துக் கடலூர் பெருநகரமாக வளர்ந்திருக்கலாம்.

உங்களுக்குப் பயன்படக்கூடிய இன்னொரு செய்தியும் உண்டு. ஜேன் ஆஸ்டினின் அத்தை பிலடெல்பியா, பெற்றோரும் சொத்தும் இல்லாத நிலையில், 1752இல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். 1753 பிப்ரவரியில் கம்பெனி மருத்துவர் ஹான்காக்கைக் கடலூரில் மணந்தார். அவர்களுடைய மகள் எலைசாதான் பிற்காலத்தில் ஜேனின் அண்ணன் ஹென்றிக்கு மனைவியானவர். கணவனைத் தேடிப் பெண்கள் கடல் கடந்த அந்த வழக்கம் ஆஸ்டினின் குடும்பத்துக்குள்ளேயே பேசப்பட்ட செய்தி. உங்கள் கதையில் ஆங்கிலேயப் பாத்திரங்கள் வர வேண்டுமானால் கடலூரிலிருந்து வரட்டும்.

சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. மூல நாவலில் பென்னெட் குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் பவுண்டு தரும் லாங்போர்ன் பண்ணை, ஆண் வாரிசுக்கே போக வேண்டும் என்ற நிபந்தனையால் காலின்ஸ் என்னும் தூரத்து உறவினருக்குப் போகிறது. தாயின் பதற்றமும் மகள்களின் அவசரமும் அந்த நிபந்தனையிலிருந்து பிறப்பவை. நீங்கள் நாட்டின் ஆட்சியை மாற்றினீர்கள். நிபந்தனையை மட்டும் மாற்றாமல் கூடவே எடுத்து வந்துவிட்டீர்கள். பிரெஞ்சு ஆட்சியில் அது அப்படியே நிற்காது. 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம் மகன், மகள் என்ற வேறுபாடின்றிச் சொத்தைச் சமமாகப் பிரிக்கிறது. புதுச்சேரியில் அது 1819இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்கிருந்த இந்துக் குடும்பங்கள் தங்கள் பழைய வழக்கத்தின்படியே நடந்துகொள்ள விடப்பட்டன. அந்த வழக்கத்தில், பிரிக்கப்படாத கூட்டுக் குடும்பச் சொத்துக்கு ஆண் பிள்ளை இல்லையென்றால் பங்காளிதான் உரிமையாளர். காலின்ஸை நம் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் இருந்திருப்பார். தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது என்பதையும், இந்தியா முழுவதற்கும் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உங்கள் கதை திறக்கக்கூடிய இடத்தைச் சொல்கிறேன். 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. தன் சாதி, சமய வழிச் சட்டத்தைத் துறப்பதாக அறிவித்து, ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டால், எந்த இந்தியரும் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். புதுச்சேரியில் அப்படிக் கையெழுத்திட்ட குடும்பங்கள் உண்டு. உங்கள் கதையை மூல நாவல் வெளிவந்த 1813லிருந்து நகர்த்தி, பிரெஞ்சுச் சென்னையில் 1882இல் வையுங்கள். ஐந்து மகள்களின் தந்தை ஒரு தாளில் கையெழுத்திட்டால் மகள்களுக்கும் சட்டம் துணை நிற்கும். ஆனால் அதே கையெழுத்தால் உறவுமுறை அறுந்து, சொந்தத்தில் எந்த வீட்டாரும் அந்தப் பெண்களைக் கேட்டு வரமாட்டார்கள். பங்காளியும் சும்மா இருக்க மாட்டார், வழக்குத் தொடுப்பார். மூலத்தில் திரு. பென்னெட் புத்தக அறைக்குள் புகுந்துகொண்டு, எள்ளலாகப் பேசி, எந்த முடிவையும் எடுக்காமல் வாழ்நாளைக் கழித்துவிட்டவர். அவருக்கு எடுக்க வேண்டிய முடிவு ஒன்றைக் கொடுங்கள். அவர் அதையும் தள்ளிப்போடுவாரா, அல்லது இரண்டாவது மகள் அவரைக் கையெழுத்திட வைப்பாளா? அந்த இரண்டாவது மகளான எலிசபெத்தின் துணிவும், அவளை விரும்பும் செல்வந்தன் டார்சியின் இறுமாப்பும், குடும்பத்தின் மானமும் அந்தத் தாளைச் சுற்றிக் கூடிவிடும். மனிதர்களின் குணத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். அது மாறினால் அவர்கள் வேறு யாரோ ஆகிவிடுவார்கள், அப்போது பழைய நாவலின் பெயரைச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்காது.

வழக்கறிஞர், ஜார்ஜ் டவுன்: ‘ஜேன் ஐர்’ நாவலில், மனநோயுற்ற மனைவியை மேல்மாடியில் பூட்டி வைத்துவிட்டு ஜேனை மணக்க முயலும் ரோச்செஸ்டருக்கு விவாகரத்து கிடைத்திருந்தால் கதையே இல்லையே. அங்கே தடையைத் தொட்டால் நாவல் மறைந்துவிடாதா?

நாவல் மறையாது, அதன் பாரம் இன்னொரு தோளுக்கு மாறும். ஷார்லட் பிராண்டே 1847இல் அதை வெளியிட்டபோது, இங்கிலாந்தில் மறுமணத்துக்கு வழிவிடும் முழு விவாகரத்தைப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். 1857ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தது. ஆயினும் மனநோயை ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டது 1937ஆம் ஆண்டில்தான். அந்த 1937ஐ நூறாண்டு முன்னால் நகர்த்துங்கள். மேல்மாடி அறைக்குப் பூட்டு வேண்டாம், திருமணம் நடுவில் நிற்காது. அதோடு, முப்பது பவுண்டு ஆண்டுச் சம்பளம் வாங்கும் ஆசிரியை ஜேன் உடனடியாகப் பண்ணைத் தலைவனின் மனைவியாகிவிடுவாள். பிறகு சிற்றப்பாவின் சொத்தாக இருபதாயிரம் பவுண்டு வந்தாலும், மணமான பெண் தன் பொருளைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமையை முழுமையாகக் கொடுத்த சட்டம் 1882இல்தான் வந்தது என்பதால், அந்தப் பணம் கணவனிடமே போய்ச் சேரும். மூலத்தில் அவள் அதை நான்காகப் பங்கிட்டு உறவினருக்குக் கொடுக்கிறாள். மாற்றுக் கதையில் அதற்குக் கணவனின் அனுமதி வேண்டும். இருவரும் சமமானவர்களாக நிற்க வேண்டும் என்று ஜேன் எவ்வளவு உறுதியாக இருந்தாள் என்பதை நினைத்தால், அவளைக் காப்பாற்றியது அந்தத் தடைதானோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இன்னொருவரையும் கேட்க வேண்டும். முப்பதாயிரம் பவுண்டு சீதனத்தோடு ஜமைக்காவிலிருந்து வந்த அந்த முதல் மனைவி பெர்தா, விவாகரத்தான பிறகு எங்கே போவாள், அந்தச் சீதனம் அவளோடு திரும்புமா? சட்டத்தை மாற்றாமலேயே அவள் பக்கத்துக் கதையை 1966இல் ஜீன் ரிஸ் எழுதிவிட்டார். சட்டத்தை மாற்றி எழுதுபவர் அந்தக் கேள்வியைத் தவிர்த்தால் அவருடைய நூலை நான் பாதியில் மூடிவிடுவேன். கிரிமியப் போர் 1985இலும் முடியாமல் நடக்கும் ஓர் இங்கிலாந்தில், ஜேன் ஐரின் முடிவே வேறாக இருப்பதாகக் கற்பனை செய்த ஜாஸ்பர் ஃபோர்டின் 2001ஆம் ஆண்டு நாவலையும், ‘தி ஐர் அஃபேர்’ என்பது அதன் பெயர், நீங்கள் விரும்பிப் படிப்பீர்கள்.

வாசகர், திருவல்லிக்கேணி: கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலை இப்படி யாராவது மாற்றினால் மனம் பொறுக்குமா? நான் பொறுக்க மாட்டேன்.

1944 முதல் 1946 வரை தொடராக வந்த அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரோடு படித்தவர்களின் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். உங்கள் கோபம் புரிகிறது. இருந்தாலும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சாளுக்கிய மன்னன் புலிகேசி பல்லவர் தலைநகரான காஞ்சியை நோக்கிப் படையெடுத்தே வரவில்லை என்று வைத்துக்கொண்டால் சிவகாமி சிறைப்பட மாட்டாள், சபதம் செய்ய மாட்டாள், 642இல் வாதாபி எரியவும் எரியாது. அப்படியானால் சிற்பியின் மகளும் பல்லவ இளவரசனும் மணந்திருப்பார்களா? மணந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். போர் வருவதற்கு முன்னரே இளவரசனின் தந்தை மகேந்திரவர்மருக்கு அந்தக் காதல் உவப்பாக இல்லை. போரும், சூழ்ச்சி செய்யும் துறவி நாகநந்தியும் இருக்கும்வரை நாம் அவர்களைக் குறை சொல்லி ஆறுதல் அடையலாம். அவர்களை அகற்றினால் அரண்மனைக்கும் சிற்பக்கூடத்துக்கும் நடுவே இருந்த தூரம் மட்டும் மிஞ்சும். அமைதியான காஞ்சியில், யாரும் யாரையும் கடத்தாமல், ஒரு பெண்ணின் வாழ்வு மெல்லக் கைவிடப்படுவதை எழுத வேண்டியிருக்கும். அதைத் தாங்கி எழுதக்கூடிய ஒருவர் வந்தால் நான் படிப்பேன். திருநாவுக்கரசர் போன்ற வரலாற்றுச் சான்றோரை மட்டும் கதையின் வசதிக்காக வளைக்கக் கூடாது.

வாசகி, வேளச்சேரி: ‘பிரிட்ஜர்டன்’ தொடரில் 1813ஆம் ஆண்டு லண்டனில் எல்லா நிறத்தவரும் பிரபுக்களாக இருக்கிறார்கள். இது மாற்று வரலாறுதானே?

ஆம், அரசரின் திருமணத்தால் சமூகமே மாறிவிட்டதாகச் சொல்லும் வகையில் அது மாற்று வரலாறுதான். இரண்டாம் பருவத்தில் இந்தியாவிலிருந்து வரும் நாயகியைப் பார்த்து நம் பெண்கள் மகிழ்ந்ததையும் அறிவேன். ஆனால் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை உண்மையான பிரிட்டன் இயற்றியது 1833இல். அந்தத் தொடரின் உலகில் கரும்புத் தோட்டங்கள் யாருடையவை, கம்பெனி இந்தியாவில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்ற கேள்விகளுக்கு விடை இல்லை. அழகான தொடக்கத்தை விளைவுவரை கொண்டுபோகாமல் விட்டுவிட்டார்கள் என்பதே என் மனக்குறை.

வாசகர், பெரம்பூர்: பதிப்புரிமைச் சிக்கல் வராதா? ஆதாரங்களைச் சென்னையில் எங்கே தேடுவது?

நம் நாட்டில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1817இல் மறைந்த ஆஸ்டினும் 1855இல் மறைந்த ஷார்லட் பிராண்டேயும் எப்போதோ பொதுவுடைமை. கல்கி 1954இல் மறைந்தார். அவருக்கான காலமும் 2014 முடிவோடு நிறைவடைந்தது. ஜீன் ரிஸ் 1979இல் மறைந்தவர் என்பதால் அவருடைய பெர்தாவை 2039 முடியும்வரை அனுமதியின்றி எடுத்தாளக் கூடாது. பழைய நாவலின் திரைவடிவத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்ட காட்சிகளுக்கும் தனி உரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஆதாரங்களுக்கு எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. பழைய தமிழ் இதழ்களுக்கும் நாவல்களுக்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பிரெஞ்சுச் சென்னையை எழுத நினைக்கும் தாம்பரம் மாணவியும் நீங்களும், 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை முதலில் எடுங்கள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் அச்சாயிற்று. தமிழ் மூலமும் நூலாகியிருக்கிறது. 1746 செப்டம்பர், அக்டோபர் மாதப் பதிவுகளிலிருந்து படிக்கத் தொடங்கினால் உங்களுக்கு வேண்டிய கோட்டை, கப்பல், வணிகர், வதந்தி எல்லாம் அங்கேயே கிடைக்கும்.